கூலி கேட்ட டென்னிஸ் ராணி



டென்னிஸ் பந்து தெரியாத ஆள் நம்ம பாலிடெக்னிக்கில் ஒருத்தர்கூட இருக்க முடியாது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், ஏன், மலை மேலே வெள்ளிமலை வரைக்கும், தண்ணீர் வற்றிய ஏரியிலும் அறுப்பு முடிந்த வயலிலும் அந்தப் பந்துதான் உருளுகிறது. ஆனால் எதற்கு? கிரிக்கெட் ஆட! அந்தப் பந்துக்குச் சொந்தமான ஆட்டத்தை நேரில் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பந்து மட்டும் நம்மிடம் வந்துவிட்டது. ஆட்டம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று யோசித்தால் பெரிய கதை ஒன்று அகப்படுகிறது. டென்னிஸ் பிறந்ததும் வளர்ந்ததும் கிளப்புகளில். கிளப் என்றால் சந்தா கட்ட வசதி உள்ளவர்கள் சாயங்காலம் வந்து போகிற இடம். இந்தியாவிலும் வெள்ளைக்காரத் துரைமார்கள் அப்படித்தான் ஆடினார்கள். நம்ம ஆட்களில் சிலர் பந்து பொறுக்கப் போனார்கள். அதில் கைதேர்ந்தவர்கள் 'மார்க்கர்' ஆகி, உறுப்பினர்களுக்கு ஈடுகொடுத்து ஆடிச் சம்பளம் வாங்கினார்கள். ஆட்டம் எவ்வளவு நன்றாக வந்தாலும் மார்க்கர் மார்க்கர்தான், துரை துரைதான்.

இந்தக் கோட்டைத் தெரிந்தே தாண்டியவர் ஒரு பெண். உலகத்திலேயே முதல் இடத்தில் இருந்தபோது தாண்டினார். பெயர் சுசான் லெங்லென். பிரான்ஸ் நாட்டுக்காரர். நம்ம மலரில் விளையாட்டுப் பக்கம் என்றாலே கபில்தேவும் பி.டி. உஷாவும்தான் வருவார்கள். இந்த முறை கொஞ்சம் தூரமாகப் போய் வருவோமே!

1899 மே 24. பாரிஸ் நகரத்தில் சுசான் பிறந்தார். அப்பா சார்லஸ் லெங்லென், அம்மா அனாயிஸ். குடும்பத்துக்கு ஆம்னி பஸ் கம்பெனி இருந்தது. நம்ம சென்னைக்குப் போகிற ஆம்னி பஸ் இல்லை, குதிரை இழுக்கிற ஆம்னி பஸ்! அதை அப்பா விற்றுவிட்டு, கையில் காசோடு நிம்மதியாக இருந்தார். கோடையில் பாரிஸுக்கு வடக்கே ஒரு கிராமத்து வீடு, குளிர்காலத்தில் தெற்கே கடற்கரை ஊரான நீஸ். ஆக, சுசான் ஏழை வீட்டுப் பிள்ளை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

ஆனால் உடம்பு நோஞ்சான். ஆஸ்துமா. தம்பி ஒருவன் இருந்து சின்ன வயதிலேயே இறந்துபோனான். மிச்சம் இருந்த ஒரே பிள்ளைக்கு ஓடியாடினால் மூச்சு பலப்படும் என்று நினைத்து, 1910-ல் அப்பா ஒரு டென்னிஸ் மட்டை வாங்கிக் கொடுத்தார். அதுவும் பொம்மைக் கடையில்! அப்போது சுசானுக்கு வயது 11. வீட்டுப் புல்வெளியில் கோடு போட்டு ஆட ஆரம்பித்தார்கள். சில மாதத்திலேயே அந்த விளையாட்டு மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு நிஜ மட்டை வாங்க வேண்டியதாயிற்று.

இங்கேதான் அப்பா சார்லஸ் முக்கியமான ஆளாகிறார். அவர் பெரிய டென்னிஸ் வீரர் கிடையாது. ஆனால் பார்த்துப் புரிந்துகொள்கிற மூளை இருந்தது. நீஸ் நகரத்தில் அவர்கள் வீட்டுக்கு எதிரிலேயே டென்னிஸ் கிளப். அங்கே நாட்டின் நல்ல நல்ல வீரர்கள் எல்லாம் வருவார்கள். அப்பா அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். பெண்கள் ஆடுவதையும் பார்த்தார். அந்தக் காலத்துப் பெண்கள் பின்கோட்டிலேயே நின்று, வருகிற பந்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். எதிராளி தப்புப் பண்ணும் வரைக்கும் பொறுமை. ஆண்கள் அப்படி ஆடவில்லை. முன்னால் ஓடி வந்து, பந்து தரையில் படுமுன் 'வாலி' அடித்துப் புள்ளியை முடித்தார்கள். என் மகள் ஆண்கள் மாதிரி ஆடட்டும் என்று அப்பா முடிவு பண்ணினார். அவரோடு பயிற்சி ஆடவும் ஆண்களையே பிடித்தார்.

பயிற்சி எப்படித் தெரியுமா? மைதானத்தின் எதிர்ப்பக்கத்தில் ஒரு கைக்குட்டையை விரித்துப் போடுவார். பந்து அதன் மேல் விழ வேண்டும். விழுந்தால் கைக்குட்டை வேறு இடத்துக்குப் போகும். மறுபடி அடி. கைக்குட்டைக்குப் பதில் நாணயம் வைத்ததாகவும் சொல்வார்கள். நம்ம முதலாம் ஆண்டு ஃபிட்டிங் ஷாப்பை நினைத்துப் பாருங்கள். இரும்புத் துண்டை வைஸில் கடித்து வைத்து, அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் தெரியும். மறுபடி ராவு. வெளிச்சம் தெரியாத வரைக்கும் ராவு. சுசானுக்கு நடந்தது அதேதான். பிற்காலத்தில் அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் நடனம் என்றும் தெய்வ வரம் என்றும் எழுதினார்கள். வரமாவது ஒன்றாவது! மணிக்கணக்கில் கைக்குட்டையைக் குறிவைத்து அடித்த கை அது.

அப்பாவைப் புகழ்ந்துவிட்டேன், ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்பா அம்மா இரண்டு பேருமே கடுமையானவர்கள். தப்பாக அடித்தால் திட்டு விழும், அதுவும் நாலு பேர் முன்னால். வளர்ந்த பிறகும், ஆடுகிற இடத்தில் அப்பா ஓரத்தில் உட்கார்ந்திருப்பார், மகள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆடுவார். சுசானுக்கு இருந்த படபடப்பு, அடிக்கடி உடம்புக்கு வந்தது, ஆட்டத்துக்கு நடுவில் அழுதது, இதெல்லாம் எங்கேயிருந்து வந்தது என்று யோசித்தால் பதில் அந்தப் புல்வெளியில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

பலன் என்னவோ சீக்கிரமே கிடைத்தது. 1914-ல், 14 வயதில், பிரெஞ்சு சாம்பியன்ஷிப்பில் கடைசி ஆட்டம் வரை வந்து மார்கரித் ப்ரோக்கெதிஸிடம் தோற்றார். அதே ஆண்டு, 15-வது பிறந்தநாளை ஒட்டி, உலகக் களிமண் தரை சாம்பியன்ஷிப்பை வென்றார். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது பத்தாவது படிக்கிற வயசு! உடனே முதல் உலகப் போர் வந்துவிட்டது. நாலு வருடம் போட்டிகள் இல்லை. அவர் பயிற்சியை விடவில்லை.

1919. போர் முடிந்து விம்பிள்டன் மறுபடி திறந்தது. சுசானுக்கு வயது 20. புல்தரையில் பெரிய போட்டி ஆடுவது அதுதான் முதல் தடவை. அந்தக் காலத்தில் விம்பிள்டனில் ஒரு விசித்திரமான விதி. போன தடவை ஜெயித்தவர் சும்மா உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் எல்லாம் மோதி, மிஞ்சுகிற ஒருவர் அவரிடம் போய் சவால் விட வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்தவர் டொரோதியா லாம்பர்ட் சேம்பர்ஸ். ஏழு தடவை சாம்பியன். வயது 40. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி ராணியும் பார்க்க வந்திருந்தார்கள்.

இரண்டு பேரும் எதிரெதிரே நின்றபோதே இரண்டு காலம் எதிரெதிரே நின்ற மாதிரி இருந்தது. சேம்பர்ஸ் அம்மையார் கணுக்காலைத் தொடும் பாவாடை, நீளக் கை சட்டை, உள்ளே இடுப்பை இறுக்கும் கார்செட். சுசான் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் மெல்லிய உடை, கை குட்டை, கார்செட் கிடையாது. இங்கிலாந்துப் பத்திரிகைகள் கூச்சல் போட்டன. இதில் கூச்சல் போட என்ன இருக்கிறது? மூச்சு விட முடியாத உடுப்பைக் கட்டிக்கொண்டு ஓட முடியுமா? சுடிதாருக்கு மேலே லேப் கோட் மாட்டிக்கொண்டு நம்ம தங்கைகள் ஷட்டில் காக் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆட்டம் 44 கேம் போனது. முதல் செட் சுசானுக்கு 10–8. இரண்டாவது சேம்பர்ஸுக்கு 6–4. நடுவில் சுசான் தளர்ந்துபோக, அப்பா ஓரத்திலிருந்து பிராந்தியில் ஊறிய சர்க்கரைக் கட்டியை வீசினார், அவர் வாயில் போட்டுக்கொண்டு ஆடினார்! மூன்றாவது செட்டில் சேம்பர்ஸ் 6–5 முன்னிலை, 40–15. இரண்டு மேட்ச் பாயிண்ட். ஒரே ஒரு பந்து போதும், கதை முடிந்தது. முதல் பாயிண்டில் சுசான் எட்டிப் பிடித்த பந்து மட்டையின் நரம்பில் படவில்லை, மரச்சட்டத்தில் பட்டது. எப்படியோ வலையைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது! இரண்டாவதைப் பேக்ஹேண்டால் அடித்து மீட்டார். பிறகு 9–7 என்று ஜெயித்தார். அதிர்ஷ்டமா என்றால், ஆமாம், அந்த ஒரு பந்து அதிர்ஷ்டம்தான். மீதி 43 கேம் அதிர்ஷ்டம் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எண்களாகச் சொன்னால் சலிப்புத் தட்டும், இருந்தாலும் கொஞ்சம் சொல்கிறேன். விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் 1919 முதல் 1923 வரை வரிசையாக ஐந்து, 1925-ல் ஆறாவது. இரட்டையர், கலப்பு இரட்டையர் எல்லாம் சேர்த்தால் விம்பிள்டனில் மட்டும் 15. இரட்டையரில் எலிசபெத் ரயானோடு சேர்ந்து ஆறு. 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் தங்கம். அங்கே ஒற்றையரில் பத்து செட் ஆடி மொத்தமே நான்கு கேம்தான் விட்டுக்கொடுத்தார். 1925 விம்பிள்டனில் ஆரம்பம் முதல் கடைசி வரை இழந்தது ஐந்து கேம். நம்ம இன்டர் பாலிடெக்னிக் போட்டியில் யாராவது இப்படி ஆடினால் எதிர் டீம் பஸ் ஏறிவிடும்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். அவர் ஆடுகிற நாளில் விம்பிள்டன் வாசலில் வரிசை நீண்டுகொண்டே போகும். 1922-ல் விம்பிள்டன் பழைய இடத்தை விட்டுப் பெரிய மைதானத்துக்கு மாறியது. பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஜனங்கள் காசு கொடுத்து வருவார்கள் என்று நிர்வாகிகளுக்குக் காட்டியவர் இவர்தான்.

ஒரே ஒரு தோல்வி உண்டு. அதையும் சொல்ல வேண்டும். 1921-ல் கப்பல் ஏறி அமெரிக்கா போனார். போரில் பாழாய்ப்போன பிரெஞ்சுப் பகுதிகளுக்கு நிதி திரட்டக் காட்சி ஆட்டங்கள் ஆடுவதாகத் திட்டம். அமெரிக்க சாம்பியன்ஷிப்பிலும் பெயர் கொடுத்திருந்தார். கப்பல் பயணத்தின் அலுப்பு தீருமுன்பே இரண்டாவது சுற்றில் மோலா மல்லோரி எதிரே நின்றார். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பலசாலி. முதல் செட் 6–2 என்று மல்லோரிக்கு. இரண்டாவது செட் ஆரம்பித்ததுமே சுசான் இருமிக்கொண்டு, அழுதுகொண்டு, ஆட்டத்தை விட்டு வெளியேறினார். கூட்டம் சீறியது. நடிப்பு என்று எழுதினார்கள். உடம்பு முடியவில்லையா, தோற்கப் பயமா? இரண்டும் கலந்துதான் இருக்கும் என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டு விம்பிள்டன் இறுதியில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். சுசான் 6–2, 6–0. எடுத்த நேரம் 26 நிமிடம். நம்ம ஒரு பீரியடில் பாதி!

1926 பிப்ரவரி 16, பிரான்ஸின் கான் நகரம். அமெரிக்காவிலிருந்து ஹெலன் வில்ஸ் என்ற 20 வயதுப் பெண் வந்திருந்தார். முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் ஆடுவார். சுசானுக்கு நேர் எதிர். டிக்கெட் கிடைக்காதவர்கள் மரத்திலும் கூரையிலும் ஏறிப் பார்த்தார்கள். முதல் செட் 6–3 சுசானுக்கு. இரண்டாவதில் 6–5, மேட்ச் பாயிண்ட். வில்ஸ் அடித்த பந்து கோட்டோரம் விழ, 'அவுட்' என்று ஒரு குரல். இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். பூங்கொத்தோடு ஆட்கள் உள்ளே ஓடி வந்துவிட்டார்கள். அப்போது கோட்டு நடுவர் வந்து, கத்தியது தான் இல்லை, கூட்டத்தில் யாரோ என்று சொல்லிவிட்டார்! பந்து உள்ளேதான் விழுந்தது. ஜெயித்துவிட்டோம் என்று உடம்பை விட்டவர் மறுபடி ஆட வேண்டும். வில்ஸ் 6–6 ஆக்கிவிட்டார். சுசான் பல்லைக் கடித்துக்கொண்டு 8–6 என்று முடித்தார். முடிந்ததும் உட்கார்ந்து அழுதார்.

இப்போது ஒரு கேள்வி. இத்தனை கூட்டம், இத்தனை டிக்கெட். அந்தப் பணம் யாருக்குப் போனது?

கிளப்புகளுக்கும் சங்கங்களுக்கும் போனது. ஆடியவருக்கு ஒரு பைசா கிடையாது. அமெச்சூர் என்று பெயர். அமெச்சூர் என்றால் ஆட்டத்தின் மீதுள்ள ஆசைக்காக மட்டும் ஆடுபவர். கோப்பை வாங்கலாம், காசு வாங்கக் கூடாது. காசு வாங்கினாலோ, காசுக்குச் சொல்லிக்கொடுத்தாலோ அவர் 'புரொஃபஷனல்'. விம்பிள்டன், பிரெஞ்சு, அமெரிக்க சாம்பியன்ஷிப் எதிலும் கால் வைக்க முடியாது. கேட்க உயர்வாக இருக்கிறது இல்லையா? ஆனால் நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? சொத்து உள்ளவர் ஆடலாம். உழைத்துச் சாப்பிடுகிறவர் ஆட முடியாது, ஏனென்றால் ஆடுகிற நாளில் அவருக்குக் கூலி போய்விடும். வெளியே தெரியாமல் பிரயாணச் செலவு என்ற பெயரில் பெரிய ஆட்டக்காரர்களுக்குப் பணம் கைமாறிய கதையும் உண்டு. அப்படி மறைத்து வாங்கினால் கௌரவம், வெளிப்படையாக வாங்கினால் கேவலம். அப்படியா சங்கதி!

நம்ம பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர்களிடம் இந்த நியாயத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். வேலை செய்தால் கூலி. வேலை எவ்வளவு சுத்தமோ அவ்வளவு தைரியமாகக் கேட்கலாம். நம் வீடுகளில் பலருக்கும் தெரிந்த கணக்கு இது ஒன்றுதான்.

1926 விம்பிள்டனில் விஷயம் முற்றியது. ஒரே நாளில் ஒற்றையர், இரட்டையர் இரண்டும் அவருக்குப் போட்டிருந்தார்கள். நேரத்தை மாற்றச் சொல்லி அவர் அனுப்பிய தகவல் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. சுசான் தாமதமாக வந்து சேர்ந்தார். மேரி ராணி அவருடைய ஆட்டத்துக்காக வந்து காத்திருந்திருக்கிறார்! நிர்வாகிகள் கோபத்தில் பேச, சுசான் உடைந்துபோய் ஆட மறுத்தார். ராணியை அவமதித்துவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. அத்தனை வருடம் கொண்டாடிய கூட்டம் அடுத்த ஆட்டத்தில் அவரை வெறுப்போடு பார்த்தது. போட்டியிலிருந்து விலகி ஊருக்குப் போய்விட்டார். விம்பிள்டனில் மறுபடி அவர் ஆடவே இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் சி.சி. பைல் என்ற அமெரிக்க ஏற்பாட்டாளரிடம் கையெழுத்துப் போட்டார். 50,000 டாலர் ஒப்பந்தம். இத்தனை ஆண்டுகளாகத் தன் ஆட்டத்தால் மற்றவர்கள் லட்சக்கணக்கில் சம்பாதித்ததையும், தான் நுழைவுக் கட்டணம் கட்டி ஆடியதையும் வெளிப்படையாகவே எடுத்துச் சொன்னார். பணம் உள்ளவர்களுக்காக மட்டும் ஆட்டத்தை வைத்திருப்பது என்ன நியாயம் என்றும் கேட்டார். இங்கேதான் நான் முதலில் சொன்னதை நினைவுபடுத்துகிறேன். அவர் பட்டினியால் கேட்கவில்லை. அப்பாவின் காசு கரைந்துகொண்டிருந்தது என்பது உண்மை, ஆனாலும் பட்டினி இல்லை. அதனால் அவர் கேட்டதன் மதிப்பு குறைகிறதா? சிலர் அப்படிச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டினி கிடந்தவன் கேட்டிருந்தால் வாசலிலேயே விரட்டியிருப்பார்கள், செய்தியாகக்கூட வந்திருக்காது.

விம்பிள்டன் கிளப் அவருக்குக் கொடுத்திருந்த கௌரவ உறுப்பினர் பதவியைப் பறித்தது. பிரெஞ்சுச் சங்கமும் கதவை மூடியது. 1926 அக்டோபர் 9-ம் தேதி நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் ஆட்டம். சுமார் 13,000 பேர் வந்தார்கள். எதிரே மேரி பிரவுன், முன்னாள் அமெரிக்க சாம்பியன். ஊர் ஊராக ரயிலில் போனார்கள், நம்ம நாடகக் கம்பெனி மாதிரி. ராத்திரி ஆட்டம், காலையில் மூட்டை கட்டு, அடுத்த ஊர். 1927 பிப்ரவரியில் அது முடிந்தபோது இருவரும் 38 தடவை மோதியிருந்தார்கள். 38-லும் சுசான். இங்கிலாந்திலும் சில ஆட்டங்கள் ஆடினார். அதற்கு மேல் புரொஃபஷனல் உலகத்தில் பெண்களுக்குப் போட்டியும் இல்லை, எதிராளியும் இல்லை. 28 வயதில் ஆட்டக்காரி என்ற வாழ்க்கை முடிந்துபோனது. கேட்ட கூலி ஒரு தடவைதான் கிடைத்தது.

அப்புறம் சில ஆண்டுகள் இருட்டு மாதிரி. துணிக்கடை வேலையும் பார்த்தார். 1933-ல் பாரிஸில் ஒரு டென்னிஸ் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். இதைத்தான் நான் அவர் வாழ்க்கையில் பெரிய விஷயமாக நினைக்கிறேன். பட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

அந்தக் காலத்தில் கோச் என்றால் யார் என்று யோசியுங்கள். கிளப்பின் சம்பளக்காரர். பெரும்பாலும் ஆண். சாம்பியன்கள் அந்த வேலைக்கு வருவது அபூர்வம், பெண் சாம்பியன் வருவது அதைவிட அபூர்வம். உலகத்தின் முதல் ஆட்டக்காரி, மன்னர் வந்து பார்த்த ஆட்டக்காரி, தினமும் மைதானத்தில் நின்று, மட்டையைப் பிடிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு முதல் பாடத்திலிருந்து சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுக்கும் ஆசை அவருக்குப் புதிதில்லை. ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே பெண்பிள்ளைகளுக்கென்று டென்னிஸ் கையேடு எழுதியவர் அவர். 1937-ல் மார்கரெட் மோரிஸ் என்ற நடன ஆசிரியையோடு சேர்ந்து, எளிய உடற்பயிற்சிகள் மூலம் டென்னிஸ் கற்கும் முறையை ஒரு புத்தகமாகவே போட்டார். காலை எங்கே வைப்பது, உடம்பை எப்படித் திருப்புவது, எடையை எந்தக் காலிலிருந்து எந்தக் காலுக்கு மாற்றுவது. பந்தே இல்லாமல் பழகலாம். நோஞ்சானாகப் பிறந்து, பழகிப் பழகி ஆள் ஆனவருக்கு, எல்லோருக்கும் இது வரும் என்ற நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். வரம் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருந்தால் பள்ளி நடத்தியிருக்க முடியாது.

1936-ல் பிரெஞ்சு டென்னிஸ் சங்கம் அவருடைய பள்ளிக்கு அங்கீகாரம் கொடுத்தது. பத்து வருடத்துக்கு முன் காசு வாங்கினார் என்று கதவை மூடிய அதே சங்கம்தான்!

இங்கே நம்ம பக்கத்துக் கதை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1937-ல் நாகர்கோவிலில் பிறந்தவர் ராமநாதன் கிருஷ்ணன். அவருக்கும் அப்பாதான் குரு. டி.கே. ராமநாதன் என்ற அந்த அப்பா தானே நல்ல ஆட்டக்காரர். ஊரில் பெரிய அகாடமி, வெளிநாட்டு கோச் எதுவும் கிடையாது, அப்பாவும் மைதானமும்தான். 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை மகன் வென்றார், ஆசியாவிலிருந்து முதல் ஆள். 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணனும் 1979-ல் அதே ஜூனியர் பட்டத்தை வென்றார். நீஸ் நகரத்துக் கைக்குட்டைப் பயிற்சியும் இதுவும் ஒரே ஜாதி வேலைதான். பெண்கள் பக்கம் பார்த்தால், விம்பிள்டனில் முதன்முதலாக ஓர் ஆட்டம் வென்ற இந்தியப் பெண் லீலா ராவ். ஆண்டு 1934, பாரிஸில் சுசான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த நேரம்.

1938 ஜூனில் சுசானுக்கு உடம்பு தளர ஆரம்பித்தது. ரத்தம் சம்பந்தப்பட்ட நோய். சில வாரத்திலேயே படுத்த படுக்கை. ஜூலை 2-ம் தேதி ஹெலன் வில்ஸ் விம்பிள்டனில் தன் எட்டாவது ஒற்றையர் பட்டத்தை வென்றார், சுசானின் ஆறைத் தாண்டி இரண்டு. ஜூலை 4-ம் தேதி சுசான் பாரிஸில் இறந்தார். வயது 39. பாரிஸுக்குப் பக்கத்தில் சாந்த் உவான் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

பிரெஞ்சு ஓப்பனில் பெண்கள் பட்டம் வெல்பவர் தூக்கிப் பிடிக்கிற கோப்பைக்கு இன்று அவர் பெயர்தான். அங்கே இரண்டாவது பெரிய மைதானத்துக்கு 1997-ல் அவர் பெயரை வைத்தார்கள். அமெச்சூர், புரொஃபஷனல் என்ற வேலி விழுந்து எல்லோரும் சேர்ந்து ஆடலாம் என்று ஆனது 1968-ல், அவர் இறந்து 30 வருடம் கழித்து. அந்த ஆண்டு விம்பிள்டனில் முதல் தடவையாகப் பரிசுப் பணம் கொடுத்தார்கள். ஆண்கள் சாம்பியன் ராட் லேவருக்கு 2,000 பவுன். பெண்கள் சாம்பியன் பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுன். இரண்டும் சமமானது 2007-ல்.

— மூன்றாமாண்டு மாணவர், இயந்திரவியல் துறை